மெயினை அணைத்தும் ஓடிய ஃபேன்: ஆற்றங்கரை வீட்டுக்கு வெள்ள முன்னேற்பாடு

புயல் என்றால் கடலூர், நாகப்பட்டினம் என்று டிவியில் பார்த்தே பழகிய ஊர் எங்களுடையது. 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பிடித்தது புயல்கூட இல்லை. குமரிக்கடல் பக்கம் இருந்த காற்றுச் சுழற்சி, அவ்வளவுதான். மறுநாள் காலைக் கணக்கில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம்.

எங்கள் வீடு திருநெல்வேலி சிந்துபூந்துறையில். தாமிரபரணிக்குக் கூப்பிடு தூரம். அன்று நான் செய்த தப்புகளைத் திருத்தி எழுதியதுதான் இந்தச் செய்முறை. பிஸ்கட், மாத்திரை, குடிதண்ணீர் எடுத்து வைப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

1. எதைப் பார்த்துக் கிளம்புவது

ரெட் அலர்ட் என்றால் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று அர்த்தம். அதோடு அணை மட்டத்தையும் பாருங்கள். பாபநாசத்தின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. இரண்டும் நிரம்பும் நிலையில் இருக்கும்போது மலையில் மழை என்றால், வருகிற தண்ணீர் அப்படியே ஆற்றுக்குத்தான் வரும். இன்னொரு அடையாளம் ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில். வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சாமியே மேட்டுக்குப் போன பிறகு நமக்கென்ன வீம்பு? நான் அன்று "ராத்திரி வடிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வயதானவர்கள் இருந்தால் பகலிலேயே அனுப்பிவிடுங்கள். ஆச்சியை இருட்டில் மாடிப்படி ஏற்றுவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

2. வாசல் மட்டும் வழியல்ல

வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு நிமிர்ந்தால், தண்ணீர் கக்கூஸ் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. வெளியே மட்டம் ஏறினால் செப்டிக் டேங்க் நிறைந்து பின்னோக்கித் தள்ளும். கனமான பாலிதீன் பையில் மணல் நிரப்பி, கட்டி, கோப்பைக்குள் இறுக்கி வையுங்கள். குளியலறை ஓட்டைக்குத் துணியைத் திணித்து மேலே ஒரு அம்மிக்குழவி. முழுசாக நிற்காது. ஆனால் சாமான்களை மேலே ஏற்ற ஒரு மணி நேரம் கிடைக்கும்.

3. கரண்ட்

இங்கேதான் நான் மாட்டினேன். கணுக்கால் அளவு தண்ணீர் வந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பெரிய காரியம் செய்தவன் போல நின்றேன். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதும் உறைக்கவில்லை. வயரிங் வேலை செய்யும் அண்ணாச்சி ஒருவருக்குப் போன் போட்டேன். (டவர் இன்னும் சாகவில்லை.) "ஃபேன் ஓடுதுன்னா பிளக்கிலும் கரண்ட் இருக்கும்லா. மொதல்ல தண்ணிய விட்டு வெளிய வாரும்" என்றார்.

இன்வெர்ட்டர் வீட்டில் இரண்டு வழியாகக் கரண்ட் வருகிறது. மெயினை மட்டும் அணைத்தால், "கரண்ட் போயிட்டு" என்று நினைத்துக்கொண்டு பேட்டரி பொறுப்பெடுத்துக்கொள்ளும். இன்வெர்ட்டரின் முன்பக்க பட்டனை மட்டும் அணைத்தால் பேட்டரி கரண்ட் நிற்கும், ஆனால் பெரும்பாலான வீடுகளில் ஈ.பி. கரண்ட் அதன் வழியாகவே நேராக உள்ளே போகும். ஆகவே இரண்டையும் அணைக்க வேண்டும். வரிசை இது:

- தண்ணீர் படியைத் தொடும் முன்பே, தரை காய்ந்திருக்கும்போதே, இன்வெர்ட்டர் பட்டனை அணையுங்கள்.
- அடுத்து மெயின்.
- காய்ந்த கை, ரப்பர் செருப்பு. பேட்டரியில் முதலில் கறுப்பு வயர், அப்புறம் சிவப்பு வயரைக் கழற்றுங்கள்.
- பேட்டரியை இரண்டு பேர் சேர்ந்து, சாய்க்காமல், மேலே தூக்கி வையுங்கள். உள்ளே இருப்பது ஆசிட்.

தண்ணீர் ஏற்கனவே பேட்டரியையோ பிளக் பாயின்டையோ தொட்டுவிட்டதா? அந்த அறைக்குள் கால் வைக்காதீர்கள். பேட்டரி போனால் போகட்டும்.

இப்போது எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இடுப்பு உயரச் சிமெண்ட் பலகையில் இருக்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மதினி சொல்கிறாள். இருக்கட்டும்.

4. மற்றவை

கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள், இல்லாவிட்டால் மிதந்து போய்விடும். பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் மூடி போட்ட வாளியில். நிவாரணத் தொகையை ரேஷன் கடையில்தான் கொடுத்தார்கள், கார்டு நனைந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். மெழுகுவத்தி எனக்குப் பிடிக்காது. தலையில் மாட்டும் டார்ச் வாங்குங்கள், இரண்டு கையும் காலியாக இருக்கும்.

5. வடிந்த பிறகு

சேறு கழுவும்போது செருப்பில்லாமல் நடக்காதீர்கள். எலிக்காய்ச்சல் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகக்கூட வரும். பின்னால் காய்ச்சல் வந்தால் "வெள்ளத்தண்ணியில நடந்தேன்" என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பீரோ அடி, பாய்ச்சுருள், விறகு எதையும் கம்பால் தட்டிவிட்டுத் தொடுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், நேராக ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷமுறிவு ஊசி அங்கே உண்டு.

நனைந்த பைக்கை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். இஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் அந்த ஒரு உதையில் செலவு பல மடங்காகும்.

தரைத்தொட்டியில் வெள்ளம் புகுந்திருந்தால் முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, புதிதாக நிரப்புங்கள். 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். அதைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். குடிக்க அப்போதும் கொதிக்க வைத்த தண்ணீர்தான். பிளீச்சிங் பவுடரோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த பாளையங்கோட்டைக்காரர் ஒருவர், "எங்கள் மாடியில் சோலார் தகடு இருக்கிறதே?" என்று கேட்டார். நான் யோசிக்காத விஷயம். வெயில் இருக்கும்வரை தகட்டிலிருந்து இறங்கும் வயரில் கரண்ட் இருக்கும், மெயினை அணைத்தாலும் அது நிற்காது. மாட்டிக் கொடுத்தவரைக் கூப்பிட்டு, தகட்டுப் பக்கத்து சுவிட்ச் எங்கே என்று இப்போதே காட்டச் சொல்லுங்கள். அவர் வீட்டில் அது தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருந்ததாம். மாற்றி மேலே வைத்துவிட்டார்.