வீட்டுலயே இருந்தும் "வீடு பூட்டியிருந்தது"ன்னு மெசேஜ் வந்தா என்ன பண்ணணும்

அம்மாவுக்கு பிபி பாக்குற மெஷின் ஆர்டர் போட்டிருந்தேன். காலைல "அவுட் ஃபார் டெலிவரி"ன்னு மெசேஜ் வந்துச்சு, அம்மா வாசப்படிலயே முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, நான் உள்ள கம்ப்யூட்டர்ல வேலை பாத்துட்டு இருந்தேன், சாயங்காலம் 4:40க்கு "டோர் லாக்டு, கஸ்டமர் இல்லை"ன்னு மெசேஜ் வருது. ஒரு போன் கூட வரல. மறுநாளும் அதே கதை. அம்மா "நான் இங்கதானடா இருந்தேன்"னு திரும்பத் திரும்ப சொன்னது இன்னும் மனசுல இருக்கு.

இந்த மாதிரி நடந்தா மொதல்ல, மெசேஜ் வந்த அந்த நிமிஷமே ட்ராக்கிங் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்க, ஏன்னா ஸ்டேட்டஸ் அப்புறம் மாறிடும். கூடவே போன்ல கால் ஹிஸ்டரியையும் எடுங்க, அன்னிக்கு அவங்ககிட்ட இருந்து போனே வரலங்கிறதுக்கு அதுதான் சாட்சி. வாசல்ல கேமரா இருந்தா அந்த நேரத்து வீடியோவை சேவ் பண்ணிடுங்க, நாலு நாள் கழிச்சு தேடினா அழிஞ்சு போயிருக்கும்.

அடுத்து அன்னிக்கே கம்ப்ளைன்ட். "நாளைக்கு வந்துடும்"னு விட்டுடாதீங்க, பொதுவா ரெண்டு மூணு தடவை இப்படிப் போட்டதும் பார்சல் "ரிட்டர்ன் டு ஆரிஜின்"ன்னு அனுப்புன எடத்துக்கே கிளம்பிடும். கம்ப்ளைன்ட்ல கோவத்தைக் கொட்டாம "இந்தத் தேதி, இத்தனை மணிக்கு நான் வீட்டுல இருந்தேன், யாரும் வரல, போனும் வரல, உங்க ஆள் போட்ட காரணம் தப்பு"ன்னு நாலு வரி எழுதுங்க. டிக்கெட் நம்பர், அதாவது புகார் நம்பர் வாங்காம சாட் விண்டோவை மூடாதீங்க.

ஆன்லைன்ல வாங்கின பொருள்னா கூரியர்காரங்களோட மட்டும் மல்லுக்கட்ட வேணாம், நீங்க காசு குடுத்தது வித்தவங்களுக்கு, அதனால அந்த ஆப்லயே கேளுங்க. 2020ல வந்த இ-காமர்ஸ் விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் ஒரு குறைதீர்ப்பு அதிகாரி வச்சிருக்கணும், அவர் 48 மணி நேரத்துக்குள்ள உங்க புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்த்து வைக்கணும். ஆப்ல கீழ எங்கயோ ஒரு மூலைல அவரோட பேரும் மெயிலும் இருக்கும், தேடி எடுங்க.

நான் மூணாவது நாள் நேரா ஹப்புக்கே, அதாவது கூரியர்காரங்க பார்சலை வச்சிருக்குற எடத்துக்கே போயிட்டேன். பைபாஸ் பக்கத்துல ஷட்டர் போட்ட ஒரு ஷெட், ட்ராக்கிங் நம்பரையும் ஆதாரையும் காட்டினேன், ஒரு தம்பி சாக்குமூட்டை மாதிரி குவிஞ்சு கிடந்ததுல தேடி எடுத்துக் குடுத்தாரு. லேபிளைப் பாத்தாதான் தெரியுது, ரெண்டாவது வரில நான் போட்டிருந்த "ரேஷன் கடை எதிர்ல" பாதியோட வெட்டிப் போயிருக்கு. அதுல இருந்து அடையாளத்தை மொத வரிலயே போட்டுடுறேன். பழைய நம்பர் புது நம்பர் ரெண்டும் இருக்குற தெருன்னா ரெண்டையும் எழுதுங்க, பின்கோடை ஒரு தடவை சரி பாருங்க. டெலிவரி பண்ற தம்பிங்ககிட்ட மட்டும் சண்டை போடாதீங்க, நிறைய பேருக்கு பார்சலுக்கு இவ்வளவுன்னுதான் கூலி, வெயில்ல அலையுறாங்க.

இன்னொண்ணு, பொருளே வராம "டெலிவர்ட்"ன்னு வந்தா பிஓடி கேளுங்க, அதாவது டெலிவரி பண்ணதுக்கான ஆதாரம், கையெழுத்து, போட்டோ, லொகேஷன். ஓடிபி கேக்குற டெலிவரின்னா பார்சல் கைக்கு வந்தப்புறம்தான் ஓடிபி சொல்லணும், போன்ல கேட்டா சொல்லவே கூடாது. நீங்களே கூரியர் அனுப்புறீங்கன்னா பொருளோட மதிப்பை ரசீதுல எழுத வச்சு வாங்கிக்கோங்க. ஸ்பீட் போஸ்ட்டுன்னா நம்பரை எடுத்துட்டு உங்க ஏரியா டெலிவரி போஸ்ட் ஆபீஸுக்கு நேரா போறதுதான் சுலபம், போஸ்ட்மேன்கிட்டயே கேட்டுடலாம்.

எதுவும் நடக்கலன்னா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். அவங்க உத்தரவு போட முடியாது, ஆனா புகாரை கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேப்பாங்க, நிறைய விஷயம் இதுலயே முடிஞ்சிடும். அதுக்கும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் வாங்கின பொருளுக்கு ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, நீங்க குடியிருக்குற ஊர்லயே போடலாம், பிரச்சனை நடந்து 2 வருஷத்துக்குள்ள போட்டுடணும். அங்கதான் மொத நாள் எடுத்த ஸ்கிரீன்ஷாட் பேசும்.

கடைசியா ஒரு விஷயம் கெஞ்சிக் கேட்டுக்குறேன். பார்சல் வரலங்குற பதட்டத்துல கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடி கால் பண்ணாதீங்க, அதுல போலி நம்பர் நிறைய கிடக்கு. ஆப்ல இருக்குற நம்பரை மட்டும் எடுங்க. "அட்ரஸ் சரியில்ல, லிங்க்ல போய் 25 ரூபா கட்டுங்க"ன்னு மெசேஜ் வந்தா தொடாதீங்க, தெரியாம கட்டிக் காசு போயிட்டா ஒரு நிமிஷம் கூட தாமதிக்காம சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் அடிங்க.