கடற்கரைச் சிறுவணிகர் ஓய்வு நாட்களைத் திட்டமிடும் முறை

பாம்பன், மண்டபம் பகுதிகளில் மீன்பிடித் தொழிலை நம்பிக் கடை நடத்துவோரிடம் ஓய்வு பற்றிக் கேட்டால், விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லக் கூடாத தடைக்காலம் முழுவதும் சும்மாதானே இருக்கிறோம் என்பார்கள். ஆனால் ஆள் வராத கடையில் கல்லாவின் முன் உட்கார்ந்திருப்பதை ஓய்வு என்று கொள்ள இயலாது. வரவு இல்லையே என்ற கவலையும் சேர்வதால் அது வேலை நாளைவிட அதிகமாகக் களைப்பூட்டும். மந்தமான நாட்களைக் கண்டறிந்து, அவற்றுள் சிலவற்றிலாவது கடையைப் பூட்டிவிட வேண்டும்.

எந்த நாட்கள் என்பது தொழிலைப் பொறுத்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை என்பதால், ஐஸ், டீசல், மீன் வணிகம் ஆகியவற்றைச் சார்ந்தவர்களுக்கு மே மாதம் ஏற்றது. ஆனால் படகுகள் புறப்படுவதற்கான ஏற்பாடுகள் முன்னதாகவே தொடங்கிவிடும் என்பதால் ஜூன் முதல் வாரத்திற்குள் திரும்பிவிட வேண்டும். படகுத் தச்சர், இன்ஜின் மெக்கானிக், பெயிண்ட் கடைக்காரர் ஆகியோருக்கோ படகுகள் கரையேறி நிற்கும் அந்த இரண்டு மாதங்கள்தான் வேலை குவியும் காலம். இராமேசுவரத்தில் விடுதியோ உணவகமோ நடத்துபவருக்கும் ஏப்ரல், மே பொருந்தாது. அது பள்ளி விடுமுறைக் கூட்டத்தின் காலம். அவர் பள்ளிகள் திறந்த பின்பு, ஆடி அமாவாசைக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பு உள்ள இடைவெளியைப் பார்க்கலாம். தை, ஆடி, மகாளய அமாவாசைகள் ஆண்டுதோறும் வெவ்வேறு தேதிகளில் வருவதால், பஞ்சாங்கத்தைப் பார்த்து அவற்றை முதலில் குறித்துக்கொள்வது நல்லது. ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழியையும் விலக்கிவிடலாம். இரண்டு, மூன்று ஆண்டுகளின் கணக்கு நோட்டைப் புரட்டினால், ஊர்ப்பேச்சைவிடத் தெளிவான விடை கிடைக்கும்.

அடுத்தது பணம். கடை மூடியிருந்தாலும் வாடகை, சம்பளம், கடன் தவணை ஆகியவை நிற்பதில்லை. மாத நிலைச் செலவு 30,000 ரூபாய் என்றால் பத்து நாட்களுக்கு 10,000 ரூபாய் ஆகும்; வீட்டிற்கும் பயணத்திற்கும் 8,000 ரூபாய் சேர்த்தால் மொத்தம் 18,000. ஒன்பது மாதங்கள், மாதம் 2,000 ரூபாய் வீதம் தனியாக எடுத்து வைத்தால் இத்தொகை சேர்ந்துவிடும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. மீனவர்களுக்குக் கடன் கொடுத்துப் பழகிய கடைகளில் நிலுவைத் தொகை தடைக்காலம் முடிந்து படகுகள் போய்வந்த பின்புதான் வசூலாகும். ஆகவே வரவேண்டிய பாக்கியை நம்பி ஓய்வுச் செலவைத் திட்டமிடக் கூடாது. தினத்தண்டல் கட்டுபவர்கள் வசூலுக்கு வருபவரிடம் முன்னதாகவே பேசி, அந்நாட்களுக்கான தொகையை முன்கூட்டிக் கட்டிவிடுவது நிம்மதி தரும்.

வரிக் கணக்கையும் மறக்கக் கூடாது. மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்கள், அம்மாதம் விற்பனையே இல்லாவிட்டாலும் 'நில்' (Nil) ரிட்டர்ன், அதாவது விற்பனை இல்லை என்று காட்டும் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். விற்பனைத் தொகையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டின் தொகையைக் கட்டும் கடைசி நாள் ஏப்ரல் 18. தடைக்காலம் தொடங்கிய உடனே கிளம்புபவர்கள் அதை முடித்துவிட்டே புறப்பட வேண்டும்.

கடையைப் பூட்டாமல் ஒருவரிடம் ஒப்படைப்பதாக இருந்தால், எந்த அளவு வரை அவரே முடிவெடுக்கலாம், யாருக்குக் கடன் தரலாம், எந்தச் சரக்கை வாங்கக் கூடாது என்பவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் நாள் முழுவதும் தொலைபேசியிலேயே கடை நடத்த நேரிடும். அவசரத்திற்கு மாலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் பேசுவதாகச் சொல்லிவிடுவது போதுமானது. வாடிக்கையாளர்களுக்குப் பத்து நாட்கள் முன்பே பலகை எழுதி வைத்து, திறக்கும் தேதியையும் அதில் குறிப்பிட வேண்டும். தேதி இல்லாத 'கடை விடுமுறை' என்ற பலகை, கடையே மூடப்பட்டுவிட்டதோ என்ற ஐயத்தைத்தான் கிளப்பும்.

உறவினர் திருமணம், ஊர்த் திருவிழா ஆகியவற்றுக்குப் போகும் நாட்களை இந்தக் கணக்கில் சேர்க்காமல் இருப்பது நல்லது. அவற்றில் அலைச்சலே மிகுதி. திரும்பும் நாளையும் கடை திறக்கும் நாளையும் ஒன்றாக வைக்காமல், இடையில் ஒரு நாளை விட்டு, உப்புக்காற்றில் இறுகிய பூட்டு, ஷட்டர், ஃபிரிட்ஜ் ஆகியவற்றைச் சரிபார்த்து, சரக்கிற்குச் சொல்லிவிட்டு, மறுநாள் வழக்கமான நேரத்தில் திறக்கலாம்.