அரசு அலுவலகத்திற்குச் சாய்தளம் கேட்டு மனு எழுதும் முறை

படியேற முடியாத மாற்றுத்திறனாளி ஒருவர் வாசலிலேயே காத்திருக்க, உள்ளே இருக்கும் அலுவலர் எழுந்து வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போவது வேலூர்ப் பக்கத்து அலுவலகங்களில் புதிய காட்சி அன்று. "அவரே வெளியில் வந்து உதவுகிறாரே, பிறகென்ன" என்று வீட்டாரும் சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானத்தை ஏற்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மனுவுக்கு முன் அளவெடுங்கள். வாசற்படியின் மொத்த உயரத்தை டேப் வைத்து அளந்து, அதனை 12ஆல் பெருக்கினால், அமையவேண்டிய சாய்தளத்தின் குறைந்தபட்ச நீளம் கிடைக்கும். ஒன்றரை அடி உயரத்திற்கு 18 அடி. பல இடங்களில் ஐந்தாறு அடியில் செங்குத்தாகச் சிமெண்ட் பூசி, வழவழப்பான கல்லும் பதித்து, 'சாய்தளம் உள்ளது' என்று கணக்கு முடித்துவிடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலியில் இறங்குவது படியில் உருள்வதற்குச் சமம். ஆகவே நீளம், இருபுறக் கைப்பிடி, வழுக்காத தளம் ஆகிய மூன்றையும் மனுவிலேயே குறிப்பிட்டு, வாசலின் புகைப்படத்தையும் இணையுங்கள்.

மனுவில் 'கருணை கூர்ந்து' என்ற சொல் வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 45ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியான 5 ஆண்டுகளுக்குள் அனைவரும் அணுகத்தக்கவையாக மாற்றவேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன, அவகாசம் 2022 ஜூனில் முடிந்துவிட்டது. அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக்கப்படவேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. இவ்விரண்டையும் இரண்டே வரியில் எழுதினால் போதும். 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், இதே வேலூரில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். அப்படிப்பட்டவரையும் ஒரு கட்டடம் வாசலில் நிறுத்திவிடுமானால், குறை அந்தக் கட்டடத்தினுடையதே.

மனுவைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாள் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைத் தவறாமல் பெறுங்கள். பழைய வட ஆற்காட்டுப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் வேலூருக்கே வருபவர்கள் இன்னும் உண்டு. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆற்காடு, வாலாஜாக்காரர்களுக்கு இராணிப்பேட்டையும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் திருப்பத்தூருமே உரிய இடங்கள்.

பதில் வராவிட்டால், எடுத்த நடவடிக்கை என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். அதற்கும் அசையாவிட்டால் ஒப்புகைச் சீட்டு, படம், பதில் ஆகியவற்றின் நகல்களுடன் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதுங்கள். அவர் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையை அந்த அலுவலகம் 3 மாதத்திற்குள் அவருக்குத் தெரிவித்தாகவேண்டும். வேலை தொடங்கியதும் டேப்புடன் மறுபடியும் போய், சிமெண்ட் காய்வதற்கு முன்பே நீளத்தைச் சரிபாருங்கள்.