மூன்றாவது கட்சிக்கு ஓட்டுப் போடலாமா? யோசிக்கும்போதே செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் நண்பர் ஒருவர், குடியுரிமை வாங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, அதிபர் தேர்தல் வந்தால் போன் செய்வார். வரி குறையணும், அரசாங்கம் யார் வீட்டுக்குள்ளும் மூக்கை நுழைக்கக் கூடாது, அடுத்த நாட்டுக்குப் போய்ச் சண்டை போடக் கூடாது. இதுதான் அவர் அரசியல், சுத்தமான லிபர்டேரியன். ரிபப்ளிகன் கட்சி பாதி பிடிக்கும், டெமாக்ரட் கட்சி கால்வாசி பிடிக்கும். மூன்றாவதாக லிபர்டேரியன் கட்சி என்றே ஒன்று இருக்கிறது. "லிபர்டேரியன் வேட்பாளருக்கே போட்டுடவா, இல்ல ஓட்டு வீணாப் போயிடுமா?" என்று ஒவ்வொரு முறையும் அதே கேள்வி.

எந்த மாநிலம், எந்தப் பதவி என்று பார்க்காமல் இதைக் கேட்பதுதான் முதல் தவறு. அமெரிக்கா முழுக்க ஒரே தொகுதி இல்லை. அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்த 538 எலக்டோரல் ஓட்டு, ஜெயிக்க 270 வேண்டும், 48 மாநிலங்களில் முதலில் வருபவருக்கே அத்தனையும் போய்விடும். 1992-ல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ நாடு முழுக்க கிட்டத்தட்ட 19 சதவீதம் வாங்கினார், எலக்டோரல் ஓட்டு பூஜ்யம். (வேடிக்கை என்னவென்றால், 1972-ல் லிபர்டேரியன் கட்சியின் ஜான் ஹாஸ்பர்ஸ் 4,000 ஓட்டுகூட வாங்கவில்லை, ஆனால் விர்ஜினியா சார்பில் எலக்டோரல் ஓட்டுப் போடவேண்டிய ரிபப்ளிகன் பிரதிநிதி ஒருவர் மனம் மாறிப் போட்டதில் அவருக்கு ஒன்று கிடைத்தது.) ஆக, கலிஃபோர்னியாவிலோ வையோமிங்கிலோ இருப்பவர் அதிபர் ஓட்டைப் பிடித்தவருக்குப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், அங்கே ஒரே கட்சிதான் சுலபமாக ஜெயிக்கும், முடிவு எப்படியும் மாறப்போவதில்லை. ஜார்ஜியாவில் அப்படித் தூங்க முடியாது.

2020-ல் அங்கே பைடன் ஜெயித்த வித்தியாசம் 11,779 ஓட்டு. லிபர்டேரியன் வேட்பாளர் ஜோ ஜோர்கென்சன் வாங்கியது 62,000-க்கு மேல். உடனே "ஓட்டைப் பிரிச்சுட்டாங்க" என்று கணக்குப் போடுவார்கள், அது இரண்டாவது தவறு. அந்த 62,000 பேரும் ஜோர்கென்சன் இல்லாவிட்டால் டிரம்ப்புக்குப் போட்டிருப்பார்கள் என்று யார் சொன்னது? சிலர் பைடனுக்குப் போட்டிருப்பார்கள், சிலர் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் "என் ஓட்டால் எதுவும் மாறாது" என்பதும் அதே அளவுக்குத் தப்பு.

அதே நாள், அதே வாக்குச்சீட்டில் செனட் போட்டியும் இருந்தது. ரிபப்ளிகன் டேவிட் பெர்டியூ 49.7 சதவீதம், டெமாக்ரட் ஜான் ஆசாஃப் சுமார் 48, லிபர்டேரியன் ஷேன் ஹேசல் 2.3. ஜார்ஜியா சட்டப்படி 50-ஐத் தாண்டாவிட்டால் முதல் இருவருக்கும் மறுபடி தேர்தல். பெர்டியூ அந்தக் கோட்டுக்கு மயிரிழையில் வெளியே நின்றார். ஜனவரி 5, 2021 மறுதேர்தலில் ஆசாஃப் ஜெயித்தார், அதே நாளில் மாநிலத்தின் இன்னொரு செனட் இடத்தில் டெமாக்ரட் வார்னாக்கும் ஜெயித்தார், செனட் 50-50 ஆகி, துணை அதிபரின் ஓட்டால் டெமாக்ரட்டுகள் கைக்கு வந்தது. இரண்டே மாதத்தில் 1.9 டிரில்லியன் டாலர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. அரசு செலவைக் குறைக்கச் சொல்லிப் போட்ட ஓட்டு எங்கே போய் முடிந்தது பாருங்கள். ஹேசலுக்குப் போட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. போட்டவர்களில் எத்தனை பேருக்கு இந்த 50 சதவீத விதி தெரிந்திருக்கும் என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

அடுத்தது, கோடைக்காலக் கருத்துக்கணிப்பை நம்புவது. 2016-ல் லிபர்டேரியன் வேட்பாளர் கேரி ஜான்சனுக்குக் கோடையில் 8, 9 சதவீதம் என்று வந்தது. 5 சதவீதம் தொட்டால் அடுத்த தேர்தலுக்கு அரசு நிதி கிடைக்கும் என்பதால் பலர் அந்த எண்ணுக்காகவே போட்டார்கள். செப்டம்பரில் டிவி பேட்டியில், போரில் சிக்கியிருந்த சிரியா நகரம் அலெப்போவைப் பற்றிக் கேட்டதற்கு "அலெப்போ என்றால் என்ன?" என்று திருப்பிக் கேட்டார், கடைசி வாரத்தில் அவருடைய துணை அதிபர் வேட்பாளர் பில் வெல்டே ஹிலாரிக்காகப் பரிந்து பேசினார். கிடைத்தது 3.3 சதவீதம், அந்தக் கட்சி இதுவரை வாங்கியதில் அதுவே அதிகம். இரண்டு பெரிய கட்சி வேட்பாளர்களைக் கிழித்துத் தொங்கப்போடும் நாம், மூன்றாமவரை மட்டும் "கொள்கை நல்லா இருக்கே" என்று விட்டுவிடுகிறோம். அவரையும் அதே கேள்விகள் கேட்கணும்.

ஜெயிக்காவிட்டால் எல்லாம் வீண் என்பதும் சரியில்லை. பல மாநிலங்களில் ஒரு கட்சியின் பெயர் அடுத்த முறை வாக்குச்சீட்டில் வருமா என்பதே இந்த முறை வாங்கும் ஓட்டைப் பொறுத்தது. நியூயார்க்கில் 2020-ல் அந்த வரம்பை 50,000-லிருந்து 1,30,000-க்கு ஏற்றினார்கள், லிபர்டேரியன் கட்சி அந்த இடத்தை இழந்தது, 2024-ல் அங்கே அதிபர் பதவிக்கு வாக்குச்சீட்டில் அச்சான பெயர்கள் இரண்டே இரண்டு.

அப்புறம், அதிபர் போட்டியை மட்டும் பார்த்துவிட்டு, வாக்குச்சீட்டில் கீழே இருக்கும் சின்னப் பதவிகளைப் பார்க்காமல் வருவது. 2020-ல் வையோமிங் மாநில அவைக்கு மார்ஷல் பர்ட் லிபர்டேரியனாகவே ஜெயித்தார். 2022-ல் தோற்றார் என்பது வேறு விஷயம். கட்சி ஜெயிக்க வாய்ப்புள்ள இடங்கள் இந்த மாதிரி சின்னத் தொகுதிகள்தான்.

யாரையும் பிடிக்கவில்லை என்று பிடித்த பெயரைக் கையால் எழுதிவிட்டு வருகிறவர்கள், அந்தப் பெயர் எண்ணப்படுமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சில மாநிலங்களில் எழுதவே அனுமதி இல்லை, ஜார்ஜியா மாதிரி இடங்களில் முன்கூட்டியே பதிவு செய்த பெயரை மட்டும்தான் எண்ணுவார்கள். நம் நண்பர் 2016-ல், லிபர்டேரியன்களுக்குப் பிடித்த அரசியல்வாதி ராண் பால் பெயரை அழகாக எழுதிவிட்டு வந்து மூன்று நாள் பெருமையாகத் திரிந்தார். எண்ணவே இல்லை.