பெல்லெட் ஸ்மோக்கர் வாங்கும்முன் மூடியைத் திறந்து பாருங்கள்

பிரிஸ்கெட் எனப்படும் மாட்டு நெஞ்சுக்கறியையோ பன்றியின் தோள்பட்டைக் கறியையோ 107 டிகிரி செல்சியஸ் சூட்டில், அதாவது அமெரிக்கக் கணக்கில் 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் புகையில் வேகவைப்பது அமெரிக்கக் கொல்லைப்புறங்களில் நெடுநாள் வழக்கம். விறகடுப்பில் இதைச் செய்பவர் இரவெல்லாம் விழித்திருந்து கட்டை தள்ள வேண்டும். அந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் பெல்லெட் ஸ்மோக்கர் என்னும் புகையடுப்பை, 1980களில் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோ டிரேகர் உருவாக்கினார். அவருடைய காப்புரிமை 2006-இல் முடிந்ததும் பல நிறுவனங்கள் இந்தத் தொழிலில் இறங்கின. அதனால் இன்று கடையில் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் பல அடுப்புகளில் நல்ல கட்டமைப்பு உள்ளதைத் தேடிப் பிடிப்பது வாங்குபவரின் பொறுப்பாகிவிட்டது.

முதல் படி: உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ளுதல்

பெல்லெட் என்பது மரத்தூளை மிகுந்த அழுத்தத்தில் நெருக்கிச் செய்த, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு உருளை. பக்கவாட்டுப் பெட்டியில் கொட்டிய பெல்லெட்டை, ஆகர் என்னும் திருகுத் தண்டு மெல்லச் சுழன்று, அடுப்பின் அடியில் இருக்கும் தீக்கிண்ணத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. அங்கே மின்சாரத்தால் பழுக்கும் கம்பி ஒன்று அதைப் பற்றவைக்க, விசிறி காற்றூதித் தீயை எரியவைக்கிறது. தீக்கிண்ணத்துக்கு மேலுள்ள இரும்புத் தகடு தீ நாக்கு கறியைத் தொடாமல் தடுத்து, வெப்பத்தையும் புகையையும் மட்டும் பரப்புகிறது. உள்ளிருக்கும் வெப்ப உணரி சொல்லும் அளவைப் பார்த்து, கட்டுப்பாட்டுப் பெட்டி பெல்லெட்டைக் கூட்டிக் குறைக்கிறது. இதில் ஆகர் மோட்டார், விசிறி, பற்றவைக்கும் கம்பி, கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை பின்னாளில் கெட்டால் மாற்றக்கூடியவை. மெல்லிய தகட்டால் செய்த உடலை எந்த உதிரிபாகத்தாலும் சரிசெய்ய முடியாது. ஆகவே, கைப்பேசியில் சூட்டைக் காட்டும் வசதிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைத் தகட்டின் கனத்துக்குக் கொடுப்பதே என் பரிந்துரை.

இரண்டாம் படி: உடலைக் கையால் சோதித்தல்

தகட்டின் கனத்தை அமெரிக்காவில் கேஜ் எண்ணால் குறிப்பிடுகிறார்கள். எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதைப் புதியவர்கள் பலர் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள். 14 கேஜ் என்பது சுமார் 1.9 மில்லிமீட்டர், 18 கேஜ் என்பது சுமார் 1.2 மில்லிமீட்டர். மெல்லிய தகடு காற்றடித்தாலே சூட்டை இழப்பதால், குளிர்காலத்தில் பெல்லெட் விரைவாகத் தீர்வதோடு சூடும் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கும். பனி விழும் ஊரில் வசிப்பவர்கள், இரட்டைச் சுவருள்ள மாதிரி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது.

அடுத்து மூடியை நான்கைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். கீல் ஆடுகிறதா, மூடியின் விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக உட்காருகிறதா, இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் பட்டை இருக்கிறதா என்று கவனியுங்கள். மூடிய நிலையில் உள்ளே கைப்பேசி விளக்கை எரியவிட்டு வெளியிலிருந்து நோக்கினால், எந்த இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதோ அந்த இடுக்கில் புகையும் வெளியேறும். கடைக்காரர் வேடிக்கை பார்ப்பார், பார்க்கட்டும்.

எவர்சில்வர் என்று விளம்பரம் செய்தால் சிறு காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். 304 ரகத்தில் காந்தம் பொதுவாக ஒட்டாது. விலை குறைந்த 430 ரகத்தில் ஒட்டும், அது துருவுக்கும் எளிதில் இடம் கொடுக்கும். வெளி உடல் பவுடர் கோட்டிங் பூசிய சாதாரண இரும்பாக இருப்பதில் குறையில்லை. ஆனால் இரவு பகலாகத் தீயைத் தாங்கும் தீக்கிண்ணமும் அதன் மேல்தகடும் கனமாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: கட்டுப்பாட்டுப் பெட்டி

பழைய வகைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஆகரை இத்தனை வினாடி சுற்று, இத்தனை வினாடி நிறுத்து என்ற நிலையான கணக்கில் இயக்குவதால், சூடு குறித்த அளவிலிருந்து பெரிதும் விலகக்கூடும். பி.ஐ.டி. (PID) எனப்படும் புதிய வகைக் கட்டுப்பாட்டுப் பெட்டி, உணரியின் அளவை இடைவிடாமல் பார்த்துத் திருத்திக்கொள்வதால், சில டிகிரி வேறுபாட்டுக்குள் நிறுத்திவிடும். ஆனால் தீ சீராக எரியும்போது புகை குறையும். அதனால் கறியில் புகை மணம் சற்று மெலிதாகவே ஏறும். விறகுப் புகையின் அழுத்தமான சுவைக்குப் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம் என்பதைப் பணம் கட்டும்முன்பே அறிந்திருப்பது நல்லது.

நான்காம் படி: அளவும் துப்புரவும்

விற்பனை அட்டையில் எழுதியிருக்கும் சமைக்கும் பரப்பில் மேல்தட்டையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். நீங்கள் கீழ்த்தட்டை மட்டும் அளந்து, 6 கிலோ பிரிஸ்கெட் ஒன்று ஓரங்களில் இடைவெளி விட்டுப் படுக்குமா என்று பாருங்கள். குறைந்த சூட்டில் மணிக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை பெல்லெட் எரியும் என்பதால், 9 கிலோ கொள்ளும் பெட்டி பெரும்பாலும் ஓர் இரவுக்குப் போதும். பெட்டியின் அடியில் மீந்த பெல்லெட்டை வெளியேற்றும் கதவு இருக்க வேண்டும். ஈரம் பட்ட பெல்லெட் ஊதி, ஆகர் குழாயில் சிமெண்ட்போல் இறுகிவிடும். அதைக் குடைந்தெடுப்பது ஒரு நாள் வேலை. சாம்பலை வெளியிலிருந்தே கொட்டும் வசதியும் கொழுப்பு வடியும் தட்டை எளிதில் கழற்றும் அமைப்பும் இருப்பது அவசியம். தேங்கிய கொழுப்பு தீப்பிடிப்பதே இவ்வகை அடுப்பில் அஞ்ச வேண்டிய விபத்து.

ஐந்தாம் படி: முதல் நாள்

வீட்டைச் சூடாக்கும் பெல்லெட்டைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஓக், ஹிக்கரி, ஆப்பிள் போன்ற மரங்களில் செய்த சமையல் பெல்லெட்டையே வாங்குங்கள். ஆகர் குழாய் வெறுமையாக இருப்பதால், முதன்முதலில் பெல்லெட் தீக்கிண்ணத்தில் விழும்வரை காத்திருந்து பிறகு பற்றவையுங்கள். கறி எதுவும் வைக்காமல் உயர்ந்த சூட்டில் சுமார் ஒரு மணி நேரம் எரியவிட்டால், தயாரிப்பின்போது உள்ளே படிந்த தொழிற்சாலை எண்ணெய் முழுதும் எரிந்துபோகும். சமையல் நடுவே தீ அணைந்துவிட்டால் உடனே மீண்டும் பற்றவைக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்து, அடுப்பை ஆறவிட்டு, தீக்கிண்ணத்தில் குவிந்திருக்கும் பெல்லெட்டை அள்ளிய பிறகே தொடங்குங்கள். இல்லாவிட்டால் அத்தனையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் நேரடியாக மின்சாரத்தை நிறுத்தாமல், அணைக்கும் பொத்தானை அழுத்தி விசிறி தானாக நிற்கும்வரை விட்டுவிடுங்கள். எஞ்சிய தீ ஆகர் வழியே பெட்டிக்குப் பின்னேறாமல் இருக்க இதுவே பாதுகாப்பு.

முதல் சமையலுக்குப் பிரிஸ்கெட் வேண்டாம். கோழித் தொடை அல்லது பன்றித் தோள்பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு நிறைந்த அந்தக் கறி, சூடு சற்று முன்பின் ஆனாலும் வறண்டுபோகாது.