மூட்டையைக் கூட்டாதீர்கள், சுண்ணாம்பைத் திருத்துங்கள்

பாய்லர் புகையிலுள்ள கந்தக டைஆக்சைடு வாயுவைப் பிடிக்க, புகையில் சுண்ணாம்புத் தூள் தூவுகிறோம். மீட்டரில் அந்த வாயு ஏறினால் எங்கள் ஷிஃப்டில் எழும் முதல் குரல், “இன்னும் ரெண்டு மூட்டை போடு!” லேப் கெமிஸ்டாக நானும் தலையாட்டியிருக்கிறேன். மூட்டைகள் காலியாயின, மீட்டர் அசையவில்லை.

கணக்குப்படி 64 கிலோ கந்தக டைஆக்சைடுக்கு 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பு (சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் சேர்த்துத் தூளாக்கியது) போதும். ஆனால் துகளின் மேல், வினையில் உண்டாகும் கால்சியம் சல்பைட் ஓடு கட்டி நுண்துளைகளை அடைத்துவிடும். நடுவிலிருக்கும் சுண்ணாம்பு வினைபுரியாமல் சும்மாவே, புகையின் தூசியை வடிக்கும் ஃபில்டர் பையில் போய் விழும்.

முதலில் மூட்டையைச் சோதியுங்கள். ஒரு சிட்டிகைத் தூளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். நன்றாக நுரைத்தால் அது காற்றுப் பட்டுப் பாதி கார்பனேட் ஆன, வீரியம் குறைந்த சரக்கு. ஐப்பசி மழையில் திறந்து கிடந்த எங்கள் மூட்டைகள் சோடா போலப் பொங்கின.

முடிந்தால் சுட்ட சுண்ணாம்பாக வாங்கி நீங்களே நீற்றுங்கள். அதன் வீரியத்தை முதலில் இப்படிச் சோதியுங்கள்: 20 டிகிரியில் 600 கிராம் தண்ணீர், அதில் 150 கிராம் சுட்ட சுண்ணாம்புத் தூள், விடாமல் கலக்கல், கையில் வெப்பமானி. இரண்டு மூன்று நிமிடத்தில் 60 டிகிரி தொட்டால் நல்ல சரக்கு. பத்து நிமிடம் இழுத்தால் சூளையில் அதிகம் வெந்தது, திருப்பி அனுப்புங்கள். சுட்ட கிளிஞ்சலைத் தண்ணீர் தெளித்துத் தாளிக்கும்போது என் ஆத்தா சத்தத்தை வைத்தே இதைச் சொல்லிவிடுவாள். கண்ணாடி போடாமல் மட்டும் கிட்டே போகாதீர்கள், தெறிக்கும்.

எனக்குப் பிடித்த வழி சாம்பல். பறக்கும் சாம்பல் (புகையோடு பறந்து வரும் நைசான சாம்பல்) மூன்று பங்கு, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, இரண்டின் மொத்த எடையைப் போலப் பத்து மடங்கு தண்ணீர். 90 டிகிரியில் எட்டுப் பத்து மணி நேரம் கலக்கிக்கொண்டே இருங்கள். சாம்பலின் சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து, பஞ்சு மாதிரி துளை நிறைந்த கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் ஆகும். வடிகட்டி, உலர்த்தி, பொடித்து, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள்; வெறும் சுண்ணாம்புக்குப் பதில் இதைத் தூவுங்கள். சாம்பல் எவ்வளவு நைசோ அவ்வளவு நல்லது. கரடுமுரடானதை முதலிலேயே அரைத்துவிடுங்கள். ஜப்பானில் ஹொக்கைடோவின் தொமாதோ-அத்சுமா அனல்மின் நிலையத்தில் 1991-இலேயே நிலக்கரிச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்த உலர் முறையை ஓட்டினார்கள்.

அடுத்தது ஈரம். சுண்ணாம்பு தூவும் இடத்துக்கு முன்பே தண்ணீர் தெளித்து, புகையை அதன் நீர்ப் பனிநிலைக்கு (நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கு) 10 முதல் 15 டிகிரி மேலே நிறுத்துங்கள். துகளில் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் வாயு கரைந்து வினைபுரியும். ஆசைப்பட்டு இன்னும் இறக்கினால் பைகளில் களி ஒட்டிக்கொள்ளும்; ஒருமுறை நாங்கள் ராத்திரி முழுக்கச் சுரண்டினோம்.

பையில் விழுந்த தூசியையும் உடனே கொட்டாதீர்கள். கொஞ்சம் ஈரப்படுத்தி, உலர்த்தி அரைத்தால் ஓடு உடைந்து உள்ளிருக்கும் சுண்ணாம்பு வெளியே வரும். அதில் ஒரு பகுதியைப் புதுச் சரக்கோடு கலந்து மறுபடி தூவலாம்.