பாய்மரப் படகில் லங்காவிக்குள் நுழைவது எப்படி: வெளியேறும் தாள் முதல் மரினாவில் முதல் வாரம் வரை

விமானத்தில் வெளிநாடு போகிறவருக்கு எந்த வரிசையில் நிற்க வேண்டும், எந்தக் கவுன்டருக்குப் போக வேண்டும் என்று விமான நிலையமே வழிகாட்டிவிடும். படகில் போகிறவருக்கு அப்படி யாரும் கிடையாது. நங்கூரம் போட்டு நிமிர்ந்து பார்த்தால் எதிரில் ஒரு மலை, ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கு, நாலைந்து மீன்பிடிப் படகுகள். நாட்டின் வாசல் எங்கே என்பதை நாமே தேடிப் போய்த் தட்ட வேண்டும்.

தாய்லாந்தின் புக்கெட் தீவிலிருந்து மலேசியாவின் லங்காவிக்கு நானும் என் கணவரும் எங்கள் 34 அடிப் படகில் போன வழியை வைத்து இதை எழுதுகிறேன். முதல்முறை கடல்வழியாக எல்லை தாண்டுகிறவர்களுக்கு இது நல்ல பாதை. தூரம் ஏறக்குறைய 120 கடல் மைல்தான். டிசம்பர் முதல் மார்ச் வரை வாடைக்காற்று பெரும்பாலும் சீராக வீசும், மழையும் குறைவு.

ஒன்றை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். எல்லையில் உங்களைப் போலவே படகும் ஒரு பயணிதான். அதற்கும் அடையாளத் தாள் உண்டு, வந்த பதிவும் போன பதிவும் உண்டு. உங்கள் கடவுச்சீட்டில் முத்திரை விழுந்துவிட்டால் மட்டும் போதாது.

படி 1: கோப்பைத் தயார் செய்வது

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி இவற்றை வைத்துவிடுங்கள்: படகின் பதிவுச் சான்றிதழ் (அசல்), எல்லோருடைய கடவுச்சீட்டு, மூன்றாம் நபர் பாதிப்புக்கான காப்பீட்டுச் சான்று, ரேடியோ உரிமம், அப்புறம் படகில் இருப்பவர்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் பெயர், பிறந்த தேதி, நாடு, கடவுச்சீட்டு எண், படகில் யார் என்ன பொறுப்பு என்ற விவரங்கள் வேண்டும். பத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒன்று கேட்பார்கள்.

படகின் பெயரும் பதிவெண்ணும் பொறித்த ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொள்வது நல்லது. சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் தாளில் ஒரு முத்திரை இருந்தால் எந்த நாட்டு அலுவலகத்திலும் வேலை சுலபமாக நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

மலேசியாவுக்கு வரும் வெளிநாட்டவர் 2024 ஜனவரி 1 முதல் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அதை நிரப்பலாம். எந்த வழியில் வருகிறீர்கள் என்ற கேள்விக்குக் கடல் என்று போடுங்கள். நடுக்கடலில் சிக்னல் இருக்காது, அதனால் கரையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

படி 2: வெளியேறும் தாள்

புக்கெட்டில் சலோங் விரிகுடாவில் குடிநுழைவு (இமிகிரேஷன்), சுங்கம், துறைமுக அலுவலகம் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மூன்றையும் முடித்தால் துறைமுக அனுமதித் தாள் ஒன்று கொடுப்பார்கள். ‘இந்தப் படகு இந்த ஊரிலிருந்து முறைப்படி கிளம்பியது’ என்று சொல்லும் தாள் அது. அடுத்த நாட்டில் முதல் மேசையிலேயே இதைத்தான் கேட்பார்கள். இது இல்லாமல் போனால் வந்த வழியே திரும்ப வேண்டிய நிலைகூட வரலாம். அதனால் வாங்கியவுடன் உங்கள் பெயர், படகின் பெயர், பதிவெண் எல்லாம் எழுத்துப் பிசகாமல் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். கடவுச்சீட்டில் வெளியேறும் முத்திரை விழுந்தபின் அங்கே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது, கிளம்பிவிட வேண்டும்.

படி 3: எப்போது போய்ச் சேருவது

தெரியாத துறைமுகத்துக்குள் இருட்டில் நுழையாதீர்கள். இந்த ஒன்றில் மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம். மணிக்கு 5 கடல் மைல் வேகம் என்று வைத்தால் 120 மைலுக்கு ஒரு நாள் ஆகும். காலை பத்து மணிவாக்கில் கிளம்பினால் மறுநாள் அதே நேரத்துக்குப் போய்ச் சேரலாம். கடிகாரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள், மலேசியா தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. இதை மறந்தால் பன்னிரண்டரை என்று நினைத்துப் போய் மதிய இடைவேளையில் பூட்டிய கதவின் முன் நிற்பீர்கள்.

இன்னொன்று, லங்காவி இருக்கும் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். நம் பழக்கத்தில் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். எந்த நாள் வருகிறீர்கள் என்று மரினாவுக்கு (படகுகளைக் கட்டி நிறுத்தும் சிறு துறை) முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, அன்றைக்கு அலுவலகங்கள் எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவு ஓட்டத்தில் கணவாய் பிடிக்கும் படகுகளின் பச்சை விளக்குகள் அடிவானத்தையே பச்சையாக ஒளிரச் செய்யும். பயப்பட வேண்டாம், ஆனால் ஒதுங்கிப் போங்கள். வலையின் மிதவைகள் இருட்டில் தெரியாது. ஒருவர் தூங்கினால் ஒருவர் விழித்திருக்க வேண்டும்; நாங்கள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டோம்.

விடியும்போது மச்சின்சாங் மலையின் பல் பல்லான முகடு சாம்பல் நிறத்தில் எழுந்து வந்தது. 1025-இல் இராசேந்திர சோழனின் கப்பல்கள் தேடி வந்த கடாரம் இந்தக் கெடாதான் என்பது வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் ஏற்ற கருத்து. சுக்கானைப் பிடித்தபடி அதை நினைத்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

படி 4: மஞ்சள் கொடி

கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் வந்தால் மலேசியாவின் கடல். அப்போது பாய்மரத்தின் வலப்பக்கக் குறுக்குச்சட்டத்தில் மஞ்சள் கொடியை ஏற்ற வேண்டும். ‘என் கலத்தில் எல்லோரும் நலம், உள்ளே வர அனுமதி கேட்கிறேன்’ என்பது அதன் பொருள். அனுமதி கிடைத்தபின் அதை இறக்கிவிட்டு அதே இடத்தில் மலேசியக் கொடியை ஏற்றுவோம். விருந்தினர் வீட்டுக்காரருக்குக் காட்டும் மரியாதை அது. தலைகீழாகக் கட்டிவிடாதீர்கள், பிறையும் நட்சத்திரமும் உள்ள நீலக் கட்டம் கொடிக்கயிற்றை ஒட்டி மேலே வரவேண்டும். உங்கள் படகு பதிவான நாட்டின் கொடி எப்போதும் பின்பக்கம்.

படி 5: ரேடியோவில் கூப்பிடுவது

முதல் தடவை மைக்கைக் கையில் எடுத்தபோது எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துப் படித்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். விஎச்எஃப் 16-ஆம் சேனலில் மரினாவின் பெயரை இரண்டு முறை, உங்கள் படகின் பெயரை இரண்டு முறை. அவர்கள் வேறு சேனலுக்கு மாறச் சொல்வார்கள். அங்கே படகின் நீளம், அகலம், நீருக்கடியில் எவ்வளவு ஆழம் இறங்கும், எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், இன்னும் நுழைவுப் பதிவு ஆகவில்லை என்பதைச் சொல்லுங்கள். எங்கே கட்டுவது, படகின் எந்தப் பக்கம் மேடையை ஒட்டி வரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 6: மூன்று மேசைகள்

லங்காவியில் நுழைவுப் பதிவுக்கு இரண்டு இடங்கள் வசதி. ஒன்று மேற்குக் கரையில் தெலாகா துறை, இன்னொன்று குவா நகரத்துப் படகுத்துறைப் பக்கம். நாங்கள் போனது தெலாகா. அதன் வாசலுக்கு எதிரே மனிதர் கட்டிய இரண்டு குட்டித் தீவுகள் அலையைத் தடுக்கின்றன, அவற்றின் பின்னால் நங்கூரம் போடலாம்.

படகின் தலைவர் மட்டும் கோப்போடு கரையேற வேண்டும். மற்றவர்கள் பதிவு முடியும்வரை படகிலேயே இருப்பதுதான் முறை. அதிகாரி நேரில் பார்க்க வேண்டும் என்றால் பிறகு கூப்பிடுவார்கள். உடையில் கவனம் தேவை. முழங்காலை மறைக்கும் உடை, கை வைத்த சட்டை, காலில் செருப்புக்குப் பதில் ஷூ. மலேசிய அரசு அலுவலகங்களில் அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் போட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

குடிநுழைவில் ஆட்களுக்கு முத்திரை. சுங்கத்தில் படகில் என்ன இருக்கிறது என்ற கணக்கு. ‘ஜபத்தான் லாவுட்’ என்ற கடல்துறை அலுவலகத்தில் படகின் பதிவு. எது முதலில் என்று முதலில் பார்க்கும் மேசையிலேயே கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். சுங்கத்தில் துப்பாக்கி, மது, மருந்து எதையும் மறைக்காதீர்கள். வலி மாத்திரை, தூக்க மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டோடு வைத்திருங்கள். போதைப்பொருள் விஷயத்தில் மலேசியச் சட்டம் மிகக் கடுமையானது. உங்கள் படகில் வேறு யாராவது வந்தால் அவர்கள் பையில் என்ன இருக்கிறது என்பதும் உங்கள் பொறுப்பு.

எனக்கு எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. திரும்பி வந்து மஞ்சள் கொடியை இறக்கினோம்.

படி 7: மேடையில் கட்டுவது

மரினாவில் படகைக் கட்டும் மேடை மிதக்கும் மேடை. கடல் ஏறி வற்றும்போது மேடையும் படகும் சேர்ந்தே ஏறி இறங்கும். அதனால் கயிற்றை அடிக்கடி தளர்த்தி இறுக்க வேண்டியதில்லை.

உள்ளே போகும் முன்பே இரண்டு பக்கமும் ஃபெண்டர்களை (உரசலைத் தாங்கும் காற்றடைத்த மெத்தைகள்) தொங்கவிடுங்கள். நான்கு கயிறு எடுத்து வையுங்கள்: அணியத்தில் (முன்பக்கம்) ஒன்று, பின்பக்கம் ஒன்று, படகு முன்னும் பின்னும் ஓடாமல் குறுக்காகப் பிடிக்க இரண்டு. எல்லாக் கயிறும் படகின் ஓரத்தைச் சுற்றியுள்ள கம்பி வேலிக்கு வெளியே சுற்றி வரவேண்டும். இதை மறந்தால் படகு இழுக்கும்போது வேலி வளையும்.

முதலில் எந்தக் கயிறு? படகின் நடுவில் உள்ள கட்டையிலிருந்து வரும் கயிறு. இதை நான் தப்பாகச் செய்துதான் தெரிந்துகொண்டேன். ஒருமுறை அவசரத்தில் முன்கயிற்றை எறிந்தேன். மேடையில் நின்றவர் உதவி செய்யும் எண்ணத்தில் பலமாக இழுத்தார். அணியம் மேடைப்பக்கம் திரும்ப, பின்பக்கம் விலகிப் போய்ப் பக்கத்துப் படகை முட்டப் பார்த்தது. என் கணவர் ஃபெண்டரோடு ஓடிப்போய் நடுவில் வைத்ததால் கீறல் இல்லாமல் தப்பியது. அன்றிலிருந்து நடுக்கயிறுதான் முதலில். அதைக் கட்டிவிட்டால் படகு நின்றுவிடும், மற்ற மூன்றையும் நிதானமாகக் கட்டலாம்.

காற்றை எதிர்த்தபடி, நடக்கிற வேகத்துக்கும் குறைவாக உள்ளே வாருங்கள். கோணம் சரியில்லை என்று தோன்றினால் வெளியே போய்ச் சுற்றி மறுபடி வாருங்கள். டன் கணக்கில் எடையுள்ள படகைக் கையாலோ காலாலோ தள்ளப் பார்க்காதீர்கள், எலும்பு முறியும்.

படி 8: மின்சாரமும் துத்தநாகமும்

கரை மின்சாரம் 230-240 வோல்ட். மேடையில் உள்ள பெட்டியில் நீல நிற வட்ட பிளக். எங்கள் படகுக்கு மின்வேலை பார்க்க வந்த மலேசியத் தமிழர் ஒருவர், நான் ஒயரை அப்படியே பிடுங்கப் போனதைப் பார்த்துத் தடுத்தார். “தங்கச்சி, மொதல்ல கரையில சுவிட்ச நிப்பாட்டுங்க, அப்புறம் ஒயரத் தொடுங்க.” “சரிண்ணே,” என்றேன். மாட்டும்போதும் அதே முறைதான்: சுவிட்சை நிறுத்தி, படகின் பக்கம் முதலில் மாட்டி, கரைப்பக்கம் அடுத்து மாட்டி, கடைசியில் சுவிட்ச். ஒயர் தண்ணீரில் தொங்கக் கூடாது.

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது துத்தநாகக் கட்டை. உப்புநீரில் இரண்டு வேறு உலோகங்கள் ஒயரால் இணைந்தால் அது ஒரு பேட்டரி ஆகிவிடும், இரண்டில் ஒன்று கரையும். புரொப்பெல்லர் கரையாமல் இருக்கத்தான் படகின் அடியில் துத்தநாகத்தைப் பலிகொடுக்கிறோம். கரை மின்சாரத்தில் மாட்டியிருக்கும்போது நிலக்கம்பி (எர்த் ஒயர்) வழியாகப் பக்கத்துப் படகுகளும் நம் படகோடு இணைந்துவிடுவதால் அது வேகமாகத் தீரும். மாதம் ஒருமுறை பாருங்கள், பாதி தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கால்வானிக் ஐசோலேட்டர் என்ற சிறு கருவி வைத்தால் இந்த இழப்பு நன்றாகக் குறையும்.

படி 9: முதல் வாரம்

அட்டைப் பெட்டியைப் படகுக்குள் ஏற்றாதீர்கள், மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். காய்கறிகளை மேடையிலேயே பையில் மாற்றிக் கொண்டுபோங்கள். படகின் கழிவறையை மரினாவுக்குள் திறந்துவிடக் கூடாது, கரையில் உள்ளதைப் பயன்படுத்துங்கள். வெப்பமான, ஓட்டமில்லாத நீரில் புரொப்பெல்லரில் சிப்பி சீக்கிரம் ஒட்டும். கிளம்பும் முன் ஒருவரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரவில் பாய் ஏற்றும் கயிறு பாய்மரத்தில் டங் டங் என்று அடிக்கும். உங்களுக்குத் தூக்கம் வந்தாலும் பக்கத்துப் படகில் குழந்தை எழுந்துவிடும். ஒரு துண்டுக் கயிற்றால் அதைப் பாய்மரத்திலிருந்து விலக்கி இழுத்துக் கட்டுங்கள். இன்னொருவர் படகைப் பார்க்கப் போனால் மேடையில் நின்று கூப்பிடுங்கள். அழைத்தபின்தான் ஏற வேண்டும், செருப்பைக் கழற்றிவிட்டு.

சாமான் வாங்கக் குவா போதும். லங்காவியில் இரவுச் சந்தை, ‘பாசார் மாலாம்’, கிழமைக்கு ஓர் ஊரில் நடக்கும். இன்றைக்கு எங்கே என்று மரினா அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

படி 10: தேதியைக் குறிப்பது

கடவுச்சீட்டில் எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்னால் உள்ள தேதியை வரைபட மேசைக்கு மேலே எழுதி ஒட்டுங்கள். காற்று ஒத்துழைக்காமல் போனால் அந்த ஐந்து நாள் கைகொடுக்கும். பினாங்கு போவதானாலும் சரி, திரும்பத் தாய்லாந்து போவதானாலும் சரி, கிளம்புவதற்கு முன் அதே அலுவலகத்தில் படகுக்கு வெளியேறும் தாள் வாங்க வேண்டும். அதை வாங்கியதும் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள், அடுத்த ஊரில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.